பாதசாரிக் கடவையில் வாகனத்தின் வேகத்தைச் சாலையே குறைப்பது எப்படி?

தார்ச்சாலையின் குறுக்கே வெள்ளைப் பட்டைகளை வரைந்துவிட்டால் பாதசாரிக் கடவை தயாராகிவிட்டது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சட்டத்தின் கண்ணோட்டத்தில் பல நாடுகளில் அது சரியும்கூட. அந்தப் பட்டைகளின் மீது நடப்பவருக்கு வாகனம் வழிவிட்டாக வேண்டும். ஆனால் வழிவிடுவதற்கு வாகனம் நிற்க முடிகிற வேகத்தில் வந்துகொண்டிருக்க வேண்டும். அந்த வேகத்தை வரவழைக்கும் ஆற்றல் வெள்ளை வர்ணத்துக்குக் கிடையாது. சாலையின் அகலம், அதன் மட்டம், முனைகளின் வளைவு, ஓட்டுநரும் நடப்பவரும் ஒருவரையொருவர் பார்க்கக் கிடைக்கும் தூரம் ஆகியவையே அதைச் செய்கின்றன. இவை ஒவ்வொன்றும் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள எந்தப் பொறியியல் பயிற்சியும் தேவையில்லை.

முதலில் வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சிறிய கணக்கு. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் 8.3 மீட்டரும், 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் 13.9 மீட்டரும் கடக்கின்றன. ஆபத்தைக் கண்ட ஓட்டுநரின் கால் பிரேக்கை அழுத்துவதற்கு ஒரு விநாடி ஆகும் என்றும், உலர்ந்த சாலையில் கார் ஒவ்வொரு விநாடியிலும் விநாடிக்கு 7 மீட்டர் என்ற அளவில் வேகத்தை இழக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் முதல் கார் ஏறத்தாழ 13.3 மீட்டரில் நின்றுவிடும். இரண்டாவது கார் நிற்பதற்கு 27.7 மீட்டர் வேண்டும். இப்போது 13.5 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை சாலையில் இறங்குகிறது. 30இல் வந்த கார் அந்தக் குழந்தையின் முன்னால் மயிரிழையில் நிற்கிறது. 50இல் வந்த காரின் ஓட்டுநரோ குழந்தை இருக்கும் இடத்தை அடையும்போது இன்னும் பிரேக்கைத் தொட்டிருக்கவே மாட்டார். மோதல் முழு வேகத்தில் நிகழும்.

மோதலின் விளைவும் வேகத்துக்கு நேர்விகிதத்தில் உயர்வதில்லை. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், 30இல் மோதும் வாகனத்தைவிட 50இல் மோதும் அதே வாகனம் ஏறத்தாழ 2.8 மடங்கு ஆற்றலைச் சுமந்து வருகிறது. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு நேரும் விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுவதற்கும் இது ஒரு காரணம். 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் அமைச்சர்கள், நடப்பவர்களும் மிதிவண்டி ஓட்டுபவர்களும் மோட்டார் வாகனங்களுடன் அடிக்கடி கலக்கும் இடங்களில் 30 கிலோமீட்டரையே உச்ச வேகமாக வைக்க வேண்டும் என்று பரிந்துரைத்ததும் இந்தக் கணக்கின் தொடர்ச்சியே.

பலகை சொல்வதும் சாலை சொல்வதும்

'வேகம் 30' என்று ஒரு பலகை நட்டுவிட்டால் போதாதா என்று கேட்கலாம். பெரும்பாலான ஓட்டுநர்கள் வேகமானியைப் பார்த்து வேகத்தைத் தீர்மானிப்பதில்லை. முன்னால் விரியும் சாலையைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். ஒவ்வொரு தடமும் 3.6 மீட்டர் அகலத்தில், நேர்கோடாக, ஓரங்களில் எந்த இடையூறும் இல்லாமல் நீண்டு கிடந்தால், அது நெடுஞ்சாலையின் வடிவம். அந்த வடிவத்தை நகருக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஓரத்தில் ஒரு பலகையை மட்டும் வைத்து மெதுவாகப் போகச் சொல்வது ஒரே சாலை இரண்டு விதமாகப் பேசுவதற்குச் சமம். இந்த முரண் உருவானதில் நல்லெண்ணத்துக்கும் பங்குண்டு. ஓட்டுநர் தவறினாலும் தப்பிக்கட்டும் என்று பொறியாளர்கள் அகலத்தையும் பார்வைத் தூரத்தையும் தாராளமாக வைத்தார்கள்; ஓட்டுநர்கள் அந்தத் தாராளத்தைக் கூடுதல் வேகமாக மாற்றிக்கொண்டார்கள். காவலர் நிற்கும் நேரத்தில் வேகம் குறையும், அவர் போனதும் பழையபடி ஏறும். வடிவம் மாற்றப்பட்ட சாலைக்கு இந்தக் காவல் இரவும் பகலும் தேவைப்படாது.

கோடுகளின் வரலாறு இதை வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. பிரிட்டனில் 1934இல் கடவைகளின் இருபுறமும் கம்பத்தின் உச்சியில் மஞ்சள் உருண்டைகள் வைக்கப்பட்டன; அவை போதுமான அளவு கண்ணில் படாததால் 1951இல் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் அதிகாரபூர்வமாக வந்தன. பின்னர் அமெரிக்காவில் 30 நகரங்களில் கோடு வரைந்த 1,000 கடவைகளையும் கோடு வரையாத 1,000 கடவைகளையும் ஒப்பிட்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இரண்டு தடங்கள் மட்டுமே உள்ள சிறிய சாலைகளில் கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விபத்து விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பல தடங்கள் கொண்ட, நாளொன்றுக்கு 12,000 வாகனங்களுக்கு மேல் செல்லும் சாலைகளிலோ, வேறு எந்த ஏற்பாடும் இல்லாமல் கோடு மட்டும் வரையப்பட்ட கடவைகளில் விபத்து விகிதம் கூடுதலாகவே இருந்தது. கோடுகளை அழித்துவிடுங்கள் என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. அத்தகைய சாலையில் கோட்டை மட்டும் வரைந்துவிட்டு வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள் என்பதே அவர்களுடைய முடிவு.

பல தடச் சாலையில் என்ன நடக்கிறது என்று கிட்டத்தில் நின்று பார்த்தால் காரணம் விளங்கும். ஒரே திசையில் இரண்டு தடங்கள். ஓரத் தடத்தில் வந்த பேருந்து, கடவையில் காத்திருந்த பெண்ணைக் கண்டு மரியாதையாக நிற்கிறது, ஆனால் கோட்டை ஒட்டியே நிற்கிறது. அவர் பேருந்தின் முகப்பைக் கடந்து இரண்டாம் தடத்தில் கால் வைக்கும் வரை, அந்தத் தடத்தில் வரும் காருக்கு அவர் கண்ணில் படுவதில்லை. அவருக்கும் கார் தெரிவதில்லை. பேருந்து ஏன் நின்றது என்பதுகூடக் கார் ஓட்டுநருக்குப் புரியாது, பயணி இறங்குவதற்காக நின்றிருக்கும் என்று எண்ணித் தாண்டிச் செல்வார். வழிவிட்டவரின் நல்ல குணமே இங்கே திரையாகிவிடுகிறது. இதற்கான மிக மலிவான தீர்வு, வாகனங்கள் நிற்க வேண்டிய கோட்டைக் கடவையிலிருந்து 6 முதல் 15 மீட்டர் வரை பின்னால் தள்ளி வரைவது. பேருந்து அந்த இடைவெளியில் நின்றால் பக்கத்துத் தடத்தின் பார்வை திறந்துவிடும். முழுமையான தீர்வு, தடங்களின் எண்ணிக்கையையே குறைப்பதாகும். ஒரு திசைக்கு ஒரே தடம் இருந்தால், முதல் வாகனம் நின்றதும் பின்னால் வரும் அத்தனையும் நின்றாக வேண்டும்.

மட்டத்தை உயர்த்துதல்

வேகத்தைக் குறைக்கும் வடிவங்களில் எல்லோரும் அறிந்தது வேகத்தடை. ஆனால் வேகத்தடைகளில் இரண்டு வகை உண்டு என்பதும், அவற்றில் ஒன்று பெரும்பாலும் பயனற்றது என்பதும் பலருக்குத் தெரியாது. ஓரடி, ஒன்றரை அடி அகலத்தில் செங்குத்தாக எழும் குறுகிய தடை, மெதுவாகச் செல்பவரைத்தான் அதிகம் உலுக்கும். வேகமாகச் செல்லும் காரில் சக்கரம் ஏறி இறங்கும் அதிர்ச்சியை ஸ்பிரிங்குகளே உள்வாங்கிக்கொள்வதால், உடல் அதை உணர்வதற்குள் தடை முடிந்துவிடும். மெதுவாகச் சென்றவருக்குத் தண்டனை, வேகமாகச் சென்றவருக்கு விலக்கு. இருசக்கர வாகனத்தில் வருபவருக்கோ கீழே விழும் அபாயம். இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற ஆர்தர் ஹாலி காம்ப்டன், தாம் தலைமை வகித்த செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்துக்காக 1953இல் வேகத்தடை ஒன்றை வடிவமைத்தார் என்பது இந்தத் துறையின் சுவையான செய்திகளில் ஒன்று. அதன்பின் 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனின் சாலை ஆய்வகம் பல வடிவங்களைச் சோதித்து, 3.7 மீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட, வில்போல் மெல்ல எழுந்து மெல்ல இறங்கும் மேட்டைத் தேர்ந்தெடுத்தது. இந்த நீளத்தில் ஓட்டுநர் உணரும் அசௌகரியம் வேகம் கூடக் கூட அதிகரிக்கிறது. 25, 30 கிலோமீட்டரில் எளிதாகக் கடக்கலாம். 50இல் கடந்தவர் மறுமுறை அந்த வேகத்தில் வரமாட்டார்.

அந்த மேட்டின் உச்சியைத் தட்டையாக்கி, அதன் மேலேயே கடவையை அமைத்தால் கிடைப்பது மேடைக் கடவை. என் பார்வையில், ஒரேயொரு ஏற்பாட்டுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். நடப்பவர் நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்குவதற்குப் பதிலாக, வாகனம் நடைபாதையின் மட்டத்துக்கு ஏறி வருகிறது. சக்கர நாற்காலியில் செல்பவர், குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளுபவர், முழங்கால் வலியுள்ள முதியவர் யாரும் படி இறங்கி ஏற வேண்டியதில்லை. நடப்பவரின் உருவம் சற்று உயர்ந்து தெரிவதால் ஓட்டுநரின் கண்ணிலும் விரைவில் படுகிறது. மேடைக் கடவைகளால் பாதசாரிகள் சிக்கும் விபத்துகள் ஏறத்தாழ 45 சதவீதம் குறைவதாகவும், சாலை நடுவே நின்று கடக்க உதவும் நடுத்திட்டுகளால் ஏறத்தாழ 32 சதவீதம் குறைவதாகவும் அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் மதிப்பிட்டுள்ளது.

மேடைக் கடவை கெடுவது பெரும்பாலும் நுணுக்கங்களில்தான். தட்டையான பகுதி மூன்று மீட்டராவது இருக்க வேண்டும். பேருந்துகள் ஓடும் சாலையில் அதைவிட நீளமாக, சரிவும் மென்மையாக அமைய வேண்டும், இல்லாவிட்டால் பின்னிருக்கையில் இருக்கும் பயணி தூக்கியெறியப்படுவார். சாலையோரத்தில் விளிம்புக்கல்லை ஒட்டி ஓடும் மழைநீருக்கு இந்த மேடை ஓர் அணை என்பதை மறந்துவிட்டால், முதல் மழையிலேயே கடவையின் வாயிலில் குளம் கட்டும்; நடப்பவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு கடவைக்கு வெளியே கடப்பார்கள். எனவே மேட்டுப் பக்கத்தில் வடிகால் வாய் ஒன்றோ, மேடைக்கு அடியில் குழாயோ கட்டாயம் வேண்டும். இன்னொன்று, பார்வையற்றவருக்கு நடைபாதை முடிந்து சாலை தொடங்குவதைச் சொல்வது அந்த ஒற்றைப் படிதான். படி மறைந்துவிட்டால் அவர் தம்மை அறியாமலேயே சாலைக்குள் நடந்துவிடக்கூடும். அதனால் விளிம்பில் காலுக்குத் தட்டுப்படும் புடைப்பு ஓடுகளைப் பதிக்க வேண்டும். ஜப்பானில் செய்யிச்சி மியாகே உருவாக்கி, 1967இல் ஒக்காயாமா நகரில் முதன்முதலில் பதிக்கப்பட்ட இந்த ஓடுகள் இல்லாத மேடைக் கடவையை முழுமையானது என்று சொல்ல முடியாது.

மேடை எங்கே பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாகனங்கள் 70, 80 கிலோமீட்டரில் வரும் சாலையில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரே ஒரு மேடையைக் கட்டினால் அதுவே விபத்துக்குக் காரணமாகும். அங்கே அதற்கு முன்பே தடம் குறுகி, நடுத்திட்டு தோன்றி, வேகம் படிப்படியாக இறங்கியிருக்க வேண்டும். நகரத் தெருவிலும் ஒற்றை மேடு அதன் அக்கம்பக்கத்தில் மட்டுமே வேகத்தைக் குறைக்கும். அடுத்த மேடு வெகுதூரத்தில் இருந்தால் ஓட்டுநர்கள் இழந்த நேரத்தை இடையில் பிடிக்க முயல்வார்கள். 80 முதல் 100 மீட்டருக்கு ஒன்று என்ற இடைவெளியில் அமைந்தால்தான் தெரு முழுவதும் ஒரே சீரான வேகம் நிலவும்.

குறுக்குதலும் வளைத்தலும்

கடக்க வேண்டிய அகலம் எவ்வளவு என்பது நடப்பவரின் கண்ணோட்டத்திலிருந்து எழும் கேள்வி. 14 மீட்டர் அகலமுள்ள ஒரு சாலையின் இருபுறமும் 2.2 மீட்டர் வாகன நிறுத்தத்துக்குப் போகிறது என்று கொள்வோம். விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு அதைக் கடக்க ஏறத்தாழ 11.7 விநாடி வேண்டும். அந்த நேரத்தில் 50 கிலோமீட்டரில் வரும் வாகனம் 162 மீட்டர் வந்துவிடும். விநாடிக்கு 0.9 மீட்டர் மட்டுமே நடக்கக்கூடிய முதியவர் 216 மீட்டர் தொலைவில் இருக்கும் வாகனத்தின் வேகத்தைச் சரியாகக் கணித்த பிறகே கால் எடுத்து வைக்க வேண்டும் என்றாகிறது. யாராலும் அது முடியாது. கடவையின் இருமுனையிலும் நடைபாதையை நிறுத்துமிடத்தின் அகலத்துக்கு வெளியே நீட்டிவிட்டால், கடக்க வேண்டிய தூரம் 9.6 மீட்டராகச் சுருங்கி, நேரம் 8 விநாடியாகிவிடும். இந்த நீட்சியின் முனையில் காத்திருப்பவரை நிறுத்தப்பட்ட வண்டிகள் மறைப்பதில்லை. ஓட்டுநருக்கோ சாலை திடீரெனக் குறுகித் தெரிவதால் கால் தானாகவே ஆக்சிலரேட்டரிலிருந்து எழுகிறது.

நிறுத்தப்பட்ட வண்டிகள் பார்வையை மறைப்பது சிறுவர்களுக்கு மிகவும் கொடியது, ஏனெனில் சாதாரணக் காரே அவர்கள் உயரத்தை முழுதாக விழுங்கிவிடும். கடவைக்கு முன்னால் சில மீட்டர் தூரம் வண்டிகள் நிற்க முடியாதபடி செய்வதற்குக் கான்கிரீட்கூட வேண்டியதில்லை; சில கம்பங்களோ, செடித்தொட்டிகளோ, மிதிவண்டி நிறுத்தும் வளையங்களோ போதும். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள ஹோபோகன் நகரம் சந்திப்பு முனைகளை இவ்வாறு திறந்துவைப்பதைத் தன் முதன்மை உத்தியாகக் கொண்டது. வேகக் குறைப்பு உள்ளிட்ட பிற நடவடிக்கைகளும் சேர்ந்து, 2017க்குப் பிறகு பல ஆண்டுகள் சாலை மரணமே இல்லாத நகரமாக அது அறியப்பட்டது.

நடுத்திட்டின் பயனை விளக்க அதிகம் தேவையில்லை. இருதிசைச் சாலையை ஒரே மூச்சில் கடப்பவர் இரு திசையிலும் ஒரே கணத்தில் இடைவெளி கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும். நடுவில் பாதுகாப்பாக நிற்க இடமிருந்தால் ஒரு நேரத்தில் ஒரு திசையைக் கவனித்தால் போதும். அந்தத் திட்டு இரண்டு மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும், இல்லையேல் மிதிவண்டியின் பின்சக்கரமோ குழந்தை வண்டியின் முன்பகுதியோ தடத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும்.

சந்திப்புகளில் வேகத்தை நிர்ணயிப்பது முனையின் வளைவு. வாகனம் திரும்பும் வட்டத்தின் ஆரம் சிறியதாக இருந்தால் அது மெதுவாகத்தான் திரும்ப முடியும். பக்கவாட்டில் தள்ளும் முடுக்கம் ஒவ்வொரு விநாடியிலும் விநாடிக்கு 3 மீட்டர் என்று கொண்டால், 4 மீட்டர் ஆரத்தில் திரும்பும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 12 கிலோமீட்டர். 15 மீட்டர் ஆரத்தில் அதுவே 24 கிலோமீட்டர், அதாவது இருமடங்கு. திரும்பும் ஓட்டுநர் எதிரே வரும் வாகனங்களின் மீதே கண்ணாக இருப்பார், கடவையில் நடப்பவர் அவருடைய கவனத்தில் கடைசியாகவே வருவார். ஆகவே இங்கே 12 கிலோமீட்டர் வேறுபாடு பெரிது. அப்படியானால் பெரிய லாரிகள் எப்படித் திரும்பும் என்ற கேள்வி உடனே எழும். எப்போதாவது வரும் லாரிக்காக எந்நேரமும் எல்லாக் கார்களும் வேகமாகத் திரும்பும்படி முனையை வடிவமைப்பதற்குப் பதிலாக, முனையில் சற்றே உயர்ந்த, சொரசொரப்பான கற்கள் பதித்த ஓரப்பகுதியை அமைக்கலாம். லாரியின் பின்சக்கரம் அதன் மீது ஏறிச் செல்லும்; கார் ஓட்டுநர் அதைத் தவிர்க்கவே விரும்புவார்.

எதிர்க்கேள்விகள் சில

ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் தாமதமாகும் என்பது நியாயமான கவலை. அவை ஓடும் முக்கிய வழிகளில் சாலையின் முழு அகலத்துக்கும் மேடு கட்டாமல், இடைவெளிவிட்ட மெத்தை போன்ற தனித்தனித் திட்டுகளாக அமைப்பதுண்டு. சக்கரங்களுக்கிடையே அகலம் கூடிய வண்டிகள் அவற்றைக் கால் அகட்டிக் கடந்துவிடும், கார்கள் ஏறித்தான் செல்ல வேண்டும். இருசக்கர வாகனங்கள் இடைவெளியில் நழுவிச் செல்லும் என்பது இவற்றின் வெளிப்படையான குறை. அவை மிகுந்த சாலைகளில் இவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். எல்லோருடைய பயணமும் நீண்டுவிடும் என்ற கவலைக்கு விடை எளிது. 500 மீட்டரை 50 கிலோமீட்டரில் கடக்க 36 விநாடி, 30இல் கடக்க 60 விநாடி. இடையில் எங்கும் நிற்காமல் சென்றால்கூட வேறுபாடு 24 விநாடிதான். நகரப் பயணத்தின் நேரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை சிக்னல்களிலும் நெரிசலிலும் நிற்கும் நிமிடங்களே.

நடைமேம்பாலம் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. சாலையைக் கடப்பதற்காக ஒருவரை ஐந்தாறு மீட்டர் ஏறி இறங்கச் சொன்னால், முடியாதவர் கடப்பதையே கைவிடுவார், முடிந்தவர் பாலத்துக்கு அடியிலேயே ஓடிக் கடப்பார். நடப்பவர்கள் சாலையில் இல்லை என்ற நம்பிக்கையில் வாகனங்கள் இன்னும் வேகமாகச் செல்லும்போது அந்த ஓட்டம் மேலும் ஆபத்தாகிறது. விரைவுச்சாலைக்கும் ரயில் பாதைக்கும் பாலம் பொருந்தும். கடைகளும் வீடுகளும் உள்ள தெருவுக்கு அது பொருந்தாது.

இந்த ஏற்பாடுகள் தனித்தனியாக இல்லாமல், நகரம் முழுவதும் ஒரே கொள்கையின் கீழ் செய்யப்பட்டபோது பலன் கண்கூடாகத் தெரிந்திருக்கிறது. சாலையில் ஒருவரும் இறக்கவோ கடுமையாகக் காயமடையவோ கூடாது என்பதை இலக்காக ஏற்று ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997இல் தீர்மானம் நிறைவேற்றியது; மனிதர்கள் தவறு செய்வார்கள், அந்தத் தவறுக்கு உயிர் விலையாகாதபடி சாலையை அமைப்பது வடிவமைப்பவரின் பொறுப்பு என்பது அதன் உட்கிடை. வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துத் தெருக்களையும் மாற்றியமைத்த ஹெல்சின்கியில் 2019ஆம் ஆண்டில் ஒரு பாதசாரிகூடச் சாலையில் இறக்கவில்லை.

ஒரு கடவையை மாற்ற விரும்புபவர்கள் கான்கிரீட்டில் தொடங்க வேண்டியதில்லை. வர்ணம், கூம்புகள், ரப்பர் விளிம்புகள், நகர்த்தக்கூடிய தொட்டிகள் ஆகியவற்றைக் கொண்டு நடைபாதை நீட்சியையும் நடுத்திட்டையும் சில வாரங்களுக்குத் தற்காலிகமாக அமைத்துப் பார்க்கலாம். அதற்கு முன்பும் பின்பும் இரண்டு அளவுகளை எடுக்க வேண்டும். முதலாவது, கடவையிலும் அதற்கு 50 மீட்டர் முன்பும் வாகனங்களின் வேகம். சராசரியைவிட, நூறு வாகனங்களில் 85 எந்த வேகத்துக்குள் செல்கின்றன என்பதே இங்கு பயன்படும் எண், ஏனெனில் ஆபத்து எஞ்சிய 15 வாகனங்களிடமே அதிகம். இரண்டாவது, ஒருவர் கடவையில் கால் வைத்தபோது எத்தனை வாகனங்கள் உண்மையில் வழிவிட்டன என்பது. சோதனைக்குப் பிறகும் அந்த 85இன் வேகம் 30க்கு மேலேயே இருந்தால், தடத்தை இன்னும் குறுக்கவோ மேடை சேர்க்கவோ வேண்டும். கூம்புகளை நகர்த்த ஒரு பிற்பகல் போதும் என்பதால், அந்தத் திருத்தங்களை விளிம்புக்கற்கள் பதிப்பதற்கு முன்பே செய்து முடித்துவிடலாம்.